கை ஓயாத மேசை

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. ஒட்டுக் கேட்டேன் என்று சொல்வதுதான் சரி. கப்பல்துறையில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீற்றில் வந்து இருந்தார்கள். இருவர் மேலும் அவித்த நண்டின் வாடை. மூத்தவர் தன் இடக்கை மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இறுக்கமான எதையோ போட்டுக் கழற்றிய தடம் அதில் சிவந்து கிடந்தது.

"திங்கக்கிழம நீங்க எழும்பி என்னத்தச் சொல்லப் போறீங்க அக்கா?" என்று இளையவள் கேட்டாள்.

"அதைத்தான் பிள்ளை நானும் யோசிக்கிறன்."

"உள்ளதச் சொன்னா என்ட வேல போச்சு."

"சொல்லாட்டில் பஹ்மியா ராத்தாவின்ர வேலை போச்சு."

சீனக்குடாச் சந்தியில் இளையவள் கிண்ணியா பஸ் பிடிப்பதற்காக இறங்கிப் போனாள். நான் இறங்க வேண்டிய இடமும் அதுதான். ஒரு கதை முன்சீற்றில் இருக்கும்போது எழும்பிப் போகிற அளவுக்கு நான் நல்ல மனுசியில்லை.

டவுன் பஸ் நிலையத்தில் மூத்தவரைப் பிடித்தேன். "அக்கா, நீங்கள் கதைச்சது என்ர காதில விழுந்திட்டுது. நான் கதை எழுதுறனான்," என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எழுதி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் தேத்தண்ணிக் கடைக்கு என்னோடு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். திங்கட்கிழமை மட்டும் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.*

* அவருக்கு இரத்தினேஸ்வரி என்று பெயர் வைத்திருக்கிறேன். நேரில் 'அக்கா', கதைக்குள் 'அவள்'. கதைக்குள் கால் வைத்ததும் ஆட்களுக்கு மரியாதை குறைந்துவிடுகிறது. அது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். நண்டு நண்டாக இல்லாமல் இருக்கலாம், கப்பல்துறையும் கப்பல்துறையாக இல்லாமல் இருக்கலாம். தயவுசெய்து ஆலையைத் தேடிக்கொண்டு போகாதீர்கள்.

2

எங்கே தொடங்குவது என்பதில் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

'கொட்டியாரக் குடாவின் மேல் சூரியன் மெல்ல...'

[நிறுத்திவிட்டேன். திருகோணமலை என்றால் உடனே கடலைக் காட்டிவிடுகிறோம். இரத்தினேஸ்வரி வேலை செய்யும் அறைக்கு யன்னலே கிடையாது. இறக்கக்கண்டியில் இருந்து பெட்டி பெட்டியாக வரும் நண்டைத் தவிர, பகல் முழுக்கக் கடலில் இருந்து வேறெதையும் அவள் காண்பதில்லை.]

'இயந்திரங்கள் வந்த காலம் தொட்டு உழைப்பவரின் சுதந்திரம் என்பது...'

[இது கட்டுரை. இரண்டாவது வரியிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.]

இங்கே ரிஷிகேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கதைகளை இணையத்தில் வெளியிடும் ஆசிரியர் அவர். கொழும்பில் இருக்கிறார். என்னைவிட வயதில் குறைந்தவர், நல்ல பிள்ளை. அவரிடம் ஒரு திரை இருக்கிறது. வாசகர்கள் எந்த வரி வரைக்கும் வருகிறார்கள், எங்கே விரல் நிற்கிறது, எங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். போன கதைக்குப் பிறகு தொலைபேசியில் சொன்னார்: "அக்கா, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா மூண்டாம் பகுதியில ஆக்கள் போயிட்டினம். முதலிலேயே ஒரு அடி அடியுங்கோ. முடிவு மனசைக் குளிர வைக்க வேணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு மூன்றாம் பகுதியையும் பயந்து பயந்துதான் எழுதுகிறேன். யாரோ தோளுக்குப் பின்னால் நிற்பதாகவே இருக்கிறது. நான்தான் இப்படி என்று நினைத்திருந்தேன், அந்த பஸ்ஸில் ஏறும் வரைக்கும்.

ஆகவே மூன்றாவது தொடக்கம். இதை விடப்போவதில்லை.

3

கையில் கிடந்த காப்பையெல்லாம் கழற்றச் சொன்னவர்கள், ஒரு நாள் ஆளுக்கொரு காப்பைக் கொடுத்துப் போடச் சொன்னார்கள்.

சாப்பாட்டுச் சாமான் தயாராகும் இடம் என்பதால் நண்டுக் கொம்பனிக்குள் மோதிரம் கூடாது, காப்பு கூடாது. சல்லி ஊரில் இருந்து வரும் இரத்தினேஸ்வரி கோயிலில் கட்டிய நூலைக்கூட அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அப்படி வெறுங்கையாகப் போன பெண்களின் வலக்கையில்தான் கறுப்பு நிறத்தில், ரப்பரில், அளவு பார்த்து ஒரு பட்டி மாட்டப்பட்டது. அதற்கு மேல் கையுறை. பெண்கள் உடனே அதற்குக் 'கொம்பனிக் காப்பு' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அது வருவதற்கு முன்பு இருந்ததை முதலில் சொல்ல வேண்டும். வேலை இதுதான்: அவித்த நண்டை உடைத்து, சின்னக் கத்தியால் சதையைக் கிளறி எடுத்து, ஓட்டுத் துண்டு ஒன்றும் இல்லாமல் தட்டில் போடுவது. மேசைக்கு நான்கு பேர். ஒரு மேசையின் சதை ஒன்றாகத்தான் நிறுக்கப்படும். அதில் யார் எடுத்தது எவ்வளவு என்பது மேசைக்கு வெளியில் யாருக்கும் தெரியாது.

அந்தத் தெரியாமைக்குள்தான் அவர்கள் சுகமாக மூச்சு விட்டார்கள். நோன்பு காலத்தில் பின்னேரமானால் முஸ்லிம் பெண்களின் கை தளரும். மற்றவர்கள் நண்டைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். கோயில் தீர்த்தம் முடிந்து கண் சொக்கச் சொக்க வரும் தமிழ்ப் பெண்களுக்காக முஸ்லிம் பெண்கள் இழுத்துக்கொள்வார்கள். மாதவிலக்கு, தலையிடி, வீட்டில் சண்டை, எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சுத்தான்: "ஒருக்காக் கை குடுங்கோ." யாரும் நன்றி சொன்னதில்லை. யாருடைய முறை என்று யாரும் கேட்டதுமில்லை.

இரத்தினேஸ்வரியின் மேசைக்கு ஹுஸ்னியா வந்தது அந்தக் காலத்தில்தான். கிண்ணியாப் பிள்ளை, மெலிந்த கை, வேகமான கத்தி. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி மூலமாக வந்தவள். கைக்குழந்தை இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்று யாரோ சொன்னதால் குழந்தை இருப்பதை அவள் சொல்லவில்லை. வந்து கொஞ்ச நாளில், நண்டு உடைத்துக்கொண்டிருந்தவளின் ஏப்ரனுக்குள் சட்டை நனைந்திருப்பதை இரத்தினேஸ்வரி கண்டாள்.

"எத்தினை மாசம் பிள்ளை?"

ஹுஸ்னியாவின் முகம் வெளுத்துப்போயிற்று. "அஞ்சு. சொல்லிராதீங்க அக்கா."

"நான் ஏன் சொல்லப் போறன்? குழந்தையை ஆர் வச்சிருக்கினம்?"

"மச்சி. போத்தல் பால் குடிக்கிறான் இல்ல. கத்திக்கொண்டே கிடக்கிறானாம்."

"அப்ப அவனைப் பின் கேற்றுக்குக் கொண்டுவரச் சொல்லு. நாங்கள் இஞ்ச கை குடுக்கிறம்."

அவ்வளவுதான். மத்தியானத்துக்கு முன் ஒருமுறை மச்சி, அவளுடைய நாத்தனார், குழந்தையோடு முச்சக்கரவண்டியில் பின் கேற்றுக்கு வருவாள். ஹுஸ்னியா ஐஸ் அறைப் பக்கமாக நழுவுவாள். மற்ற மூவரும் அவளுடைய நண்டையும் சேர்த்து உடைப்பார்கள். தட்டு குறைந்ததே இல்லை.

[மூன்றாம் பகுதி முடிகிறது. ரிஷிகேசன், ஆக்கள் இருக்கினமா?]

4

காப்பு வந்தது. கை அசைந்தால் அதற்குத் தெரியும், கை நின்றாலும் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு மேல் நின்றால் மணிக்கட்டில் அதிரும். அதற்கும் அசையாவிட்டால் சுவரில் இருக்கும் பெரிய திரையில் அந்தப் பெண்ணின் பெயர் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

(முன்பு மேற்பார்வை என்பது ஓர் ஆளாக இருந்தது. ஆளென்றால் கண்ணிமைப்பான், தேத்தண்ணி குடிக்கப் போவான், அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பாள். முகத்தைப் பார்த்து "தம்பி, இண்டைக்கு மட்டும்" என்று கேட்கலாம். அவன் கத்துவான், கத்திவிட்டு விடுவான். திரை கத்துவதேயில்லை. அதனிடம் கேட்கவும் இடமில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. கட்டுரை ஆவதற்குள் அடைப்புக்குறியை மூடிவிடுகிறேன்.)

காப்பு வந்த முதல் நாளே ஹுஸ்னியா பின் கேற்றுக்குப் போகவில்லை. மச்சி காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். இரண்டாம் நாள் குழந்தையின் அழுகை ஐஸ் அறையையும் தாண்டி மேசைவரை கேட்டது. ஹுஸ்னியா கத்தியைப் பிடித்தபடி அழுதாள். அவள் கை மட்டும் நிற்கவில்லை, நிற்கப் பயந்தது.

இரத்தினேஸ்வரிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் படிப்பாளியுமில்லை, புரட்சிக்காரியுமில்லை. பக்கத்தில் ஒருத்தி அந்தரப்பட்டால் கை கொடுப்பது என்ற ஒன்றைத்தான் அந்த மேசையில் பழகியிருந்தாள். அந்தப் பழக்கத்தையே காப்புக்கும் செய்தாள்.

"உந்தக் காப்பைக் கழட்டு," என்றாள். "என்ர இடக்கையில மாட்டு. நண்டைப் பிடிக்கிற கையும் அசையிற கைதானே. கெதியாப் போட்டு வா."

ஹுஸ்னியாவின் கைக்கு அளவெடுத்த பட்டி. இரத்தினேஸ்வரியின் மணிக்கட்டில் அது கடித்தது. ஹுஸ்னியா வரும்வரைக்கும் அவளும் மற்ற இருவரும் இரண்டு மடங்கு வேகமாக உடைத்தார்கள். திரையில் நான்கு பெயர்களும் பச்சையாகவே நின்றன. பின் கேற்றில் குழந்தை பால் குடித்தான்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. யாருக்குக் கை தளர்ந்தாலும் காப்பு இரத்தினேஸ்வரிக்கு வரும்; அவளுக்குத் தளர்ந்தால் ஹுஸ்னியாவுக்குப் போகும். பழைய கை குடுப்பு, புது வளையத்தோடு. கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் தேத்தண்ணிக் கடையில் இருந்து கைதட்டப் பார்த்தேன்.

"பொறுங்கோ தங்கச்சி," என்றார் அக்கா. "அங்கதான் நாங்கள் பிழை விட்டனாங்கள்."

5

இராகுலனை எப்படி எழுதுவது என்பதில் எனக்குப் பெரிய குழப்பம்.

முதல் பிரதியில் அவர் மீசை முறுக்கினார். பெண்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அழித்துவிட்டேன், ஏனென்றால் இரத்தினேஸ்வரி அக்கா அவரைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லும் அதற்கு ஒத்துவரவில்லை. இராகுலன் டவுன் பெடியன். காப்புக்கும் திரைக்கும் பொறுப்பானவர். பெண்களை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய கைபேசியில் கொழும்பில் இருந்து யாரோ ஓயாமல் செய்தி அனுப்புவார்கள். திரையில் சிவப்பு கூடினால் இன்னும் அதிகமாக அனுப்புவார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, பதில் எழுதி எழுதி, சோறு காய்ந்துபோகும்.

அந்த இராகுலன்தான் ஒரு நாள் சிரித்த முகத்தோடு மேசைக்கு வந்தார்.

"அக்காமார், உங்கட மேசைதான் முதலாவது. மற்ற மேசைகளில ஆக்கள் இடைக்கிடை கை ஓயினம். உங்கட மேசையில கை ஓயிறதே இல்லை!"

படம் எடுத்தார்கள். ஆளுக்கொரு சுடுதண்ணிப் பிளாஸ்க் கொடுத்தார்கள். படம் கன்ரீன் சுவரில் ஏறியது. இரத்தினேஸ்வரி அதில் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

அடுத்த கிழமை எல்லா மேசைகளிலும் காப்பு முன்பைவிடச் சீக்கிரமாக அதிரத் தொடங்கியது. திரையில் பெயர்கள் மளமளவென்று சிவந்தன. பெண்கள் இராகுலனைக் கேட்டார்கள். அவர் உண்மையாகவே பொறுமையாக விளக்கினார்.

"இதை நான் வைக்கேல்லை. கொம்பியூட்டர் தானா வைக்குது. ஒரு மேசையால கை ஓயாமல் செய்ய ஏலுமெண்டா, எல்லா மேசையாலயும் ஏலும் தானே?"

பிழை அதுதான். ஹுஸ்னியா பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளுடைய காப்பு வேலை செய்தது. இரத்தினேஸ்வரி தலையிடியோடு சுவரில் சாய்ந்திருந்த நேரத்தில் அவளுடைய காப்பும் வேலை செய்தது. அந்த மேசையில் களைப்பு என்பதே இல்லை என்று இயந்திரம் கண்டுகொண்டது. அவர்கள் ஒருத்திக்கு ஒருத்தி காட்டிய இரக்கத்தை அது எண்ணி எடுத்து, அதையே எல்லாருக்கும் சட்டமாக்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை இராகுலன் மறுபடியும் வந்தார். "திங்கக்கிழமை கன்ரீன்ல ஒரு கூட்டம். கொழும்பில இருந்தும் வருவினம். அக்கா, நீங்கள் எழும்பி உங்கட மேசையின்ர ரகசியத்தை மற்ற ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்க வேணும்."

சொல்லிவிட்டு அவர் இரத்தினேஸ்வரியின் இடக்கையைப் பார்த்தார். கையுறைக்குள் ஏதோ புடைத்திருந்தது. உடனே கைபேசியைப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியுமோ அக்கா?" என்று நான் கேட்டேன்.

"தெரியாமல் இருக்கிறதுதான் அவருக்கு வசதி," என்றார்.

6

[பஹ்மியாவை இவ்வளவு பிந்திக் கொண்டுவருவது கதைக்குக் கூடாது என்று எனக்குத் தெரியும். முதலில் அவரை விட்டுவிட்டே எழுதினேன். விட்டால் கதை இலேசாக ஓடியது. அதனால்தான் திரும்பச் சேர்த்தேன்.]

பஹ்மியா மூதூர்ப் பெண். பக்கத்து மேசை. இரத்தினேஸ்வரியைவிட மூத்தவர்; முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாரும் அவரை 'ராத்தா' என்பார்கள். வலக்கை விரல்கள் காலையில் மடங்காது; வெந்நீரில் வைத்து வைத்துத்தான் அவற்றை வேலைக்குக் கொண்டுவருவார். முந்திய கணக்கில் மஞ்சளில் தட்டுத் தடுமாறி நின்றவர், புதிய கணக்கில் நாள் முழுக்கச் சிவப்பில் நின்றார். இந்த மாதம் இப்படியே போனால் அடுத்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் இரத்தினேஸ்வரியும் ஹுஸ்னியாவும் அவரைச் சந்தித்தார்கள். ஏசுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் வாங்கில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இது அதிர்றது நோகுறல்ல ரத்னா," என்றார் காப்பைக் காட்டி. "எல்லாரும் திரும்பிப் பாக்கிறாங்களே, அதுதான். இந்த வயசில களவெடுத்துப் பிடிபட்ட மாதிரி."

இரத்தினேஸ்வரி தன் இடக்கைத் தடத்தை மற்றக் கையால் மூடினாள்.

"ஒங்கட மேசைக்குப் படம் எடுத்தாங்க. எனக்குக் கொஞ்சம் பொறாமதான். எப்பிடித்தான் அந்தக் கை ஓயாம இரிக்கிண்டு யோசிச்சன். திங்கக்கிழம சொல்லித் தருவீங்களாமே. எனக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லுங்க."

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். ஹுஸ்னியா முகத்தைத் திருப்பி அலுமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இருவரும் கப்பல்துறைச் சந்திக்கு நடந்து வந்து, நான் இருந்த பஸ்ஸில் ஏறினார்கள்.

7

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை நான்தான் கட்ட வேண்டும். கட்டிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. கன்ரீன் நிறைந்த கூட்டம். இரத்தினேஸ்வரி மைக்கைப் பிடித்து உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். பிறகு தன் காப்பைக் கழற்றி நண்டுக் கூடைக்குள் போடுகிறாள். ஹுஸ்னியா எழும்பித் தன்னுடையதைப் போடுகிறாள். பஹ்மியா போடுகிறார். எல்லாப் பெண்களும் வரிசையாக வந்து போடுகிறார்கள். கொழும்பில் இருந்து வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ரிஷிகேசனுக்கு நிச்சயம் பிடிக்கும். இரவு நித்திரையும் நன்றாக வந்தது. காலையில் ஒரு யோசனை வந்தது: செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்கள் எந்த பஸ்ஸில், எங்கே போவார்கள்? கதையை நான் திங்கட்கிழமையோடு முடித்துக்கொள்ளலாம். அவர்களால் முடியாதே.

முடிவு இரண்டு. அவள் எழும்பி, "நாங்கள் ஒற்றுமையா வேலை செய்யிறம், அதுதான் ரகசியம்," என்று சொல்கிறாள். கைதட்டுகிறார்கள். மாத முடிவில் பஹ்மியா தன் பூட்ஸை ஒரு பையில் போட்டுக்கொண்டு பின் கேற்றால் வெளியே போகிறார். அங்கே ஹுஸ்னியாவின் மச்சி குழந்தையோடு நிற்கிறாள். பஹ்மியா குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு

[வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க மனம் வரவில்லை. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தும் மனம் வரவில்லை. கத்தி வைத்திருந்த விரல்கள் அந்தக் கன்னத்தில் படுகிற இடத்தில் நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.]

முடிவு மூன்று. கூட்டத்தில் ஹுஸ்னியாவே எழும்பி, "பிழை என்னிலதான்..."

[இல்லை. தாயைத் தியாகம் செய்ய வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எழுதியவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிற கதைகளை எனக்குப் பிடிக்காது. அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் வேண்டும்.]

முடிவு நான்கில் இராகுலன் இரவோடிரவாகக் கணக்கை மாற்றிவிடுகிறார். அதை எழுதி முடித்துவிட்டுச் சிரித்தேன். வேறு வழியில்லாதபோது நாங்கள் எப்போதும் ஒரு நல்ல அதிகாரியைக் கொண்டுவந்து இறக்குகிறோம்.

8

சில மாதங்கள் கழிந்து இரத்தினேஸ்வரி அக்காவை டவுனில் மறுபடியும் கண்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தார். முதலில் அவருடைய இடக்கையைத்தான் பார்த்தேன். தடம் இல்லை. வலக்கையில் சாம்பல் நிறத்தில் புதிதாக ஒன்று.

"புதுக் காப்பு," என்றார். "பூட்டுப் போட்டது. வேலையால வரேக்க மறந்துபோய் வந்திட்டன். அவையின்ர சாவி இல்லாமல் கழட்ட ஏலாது."

"அப்ப ஹுஸ்னியா?"

"இருக்கிறாள். மகன் இப்ப கொஞ்சம் சோறும் தின்னுறான். ஆனா பால் விடேல்லை."

"பின் கேற்றுக்குப் போறாளா?"

"போகாமல்?"

"பஹ்மியா ராத்தா?"

"பச்சையில நிக்கிறா," என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை அமத்திப் பார்த்தார்.

பழைய தேத்தண்ணிக் கடைக்கே போனோம். நான் எழுதிய நான்கு முடிவுகளையும் சொன்னேன். முதலாவதுக்குச் சத்தமாகச் சிரித்தார். இரண்டாவதுக்குச் சிரிக்கவில்லை. மூன்றாவதைக் கேட்டுவிட்டு, "அவளை ஏன் எழுப்பினனீங்கள்? பாவம், விடுங்கோ," என்றார். நான்காவதை முடிக்கவே விடவில்லை.

"அப்ப என்னதான் சொன்னனீங்கள் அக்கா? எழும்பினனீங்களா?"

"எழும்பினனான். மைக்கைப் பிடிச்சனான். கை நடுங்கினது, காப்பு அதை வேலையெண்டு எண்ணியிருக்கும்."

பிறகு சொன்னார். கன்ரீனில் என்ன சொன்னார் என்பதையும், அதற்குப் பிறகு எல்லா மேசைகளும் சேர்ந்து என்ன செய்தார்கள் என்பதையும், பூட்டுப் போட்ட காப்புக்குள் இருந்துகொண்டே ஒருத்தி பால் கொடுக்கவும் இன்னொருத்தி விரலை வெந்நீரில் வைக்கவும் எப்படி வழி கிடைத்தது என்பதையும் தேத்தண்ணி ஆறும் வரைக்கும் சொன்னார். அதில் பெரிய வீரம் ஒன்றுமில்லை. முந்தித் தங்கள் மேசைக்குள் மட்டும் செய்த ஒன்றைக் கொஞ்சம் அகலமாக்கியிருந்தார்கள். கேட்டு முடித்தபோது நான் அழுதிருந்தேன். அழுகை வந்தது துக்கத்தால் இல்லை.

வீட்டுக்குப் போய் அன்றைக்கே எழுதினேன். நான் எழுதியவற்றில் அதைவிட நல்ல பகுதி இல்லை. அதை வாசித்துக் காட்ட அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கடைசிவரை கேட்டார்.

"வடிவா எழுதியிருக்கிறீங்கள் தங்கச்சி. அப்பிடியே நடந்த மாதிரிக் கிடக்கு."

"ஓம் அக்கா."

"அப்ப போடாதேங்கோ."

"ஏன்?"

"ரெண்டு காப்புப் போட்டதை எழுதுங்கோ. அது முடிஞ்ச கதை, அவைக்கும் இப்ப தெரியும். இது முடியேல்லை. இராகுலன் தம்பியும் கதை வாசிக்கிறவர். நல்லா விளங்கி வாசிப்பார்."

அந்தப் பகுதி இருந்த இடம் இது.

[                    ]

9

ரிஷிகேசன் தலையில் கை வைத்திருக்கிறார். "அக்கா, இவ்வளவு தூரம் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்திட்டு, வாசல்ல வச்சுக் கதவைச் சாத்திறீங்களே," என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் ஒரு கதைக்கு முடிவு கொடுப்பதற்காக அந்தப் பெண்களின் முடிவை நான் எடுத்துக்கொள்ள முடியாது. முதல்நாள் அக்கா கேட்டாரே, "எழுதி?" என்று, அதற்கு அரைகுறையாகவாவது ஒரு பதில் இருக்குமென்றால், அழித்த அந்தப் பகுதிதான்.

ஆகவே மைக்கை உங்களிடம் தருகிறேன். நீங்களும் எங்கோ வேலைக்குப் போகிறவர்தானே. உங்களுக்கும் ஏதோ ஒரு திரை இருக்கும், கையிலோ மேசையிலோ வாகனத்திலோ. முன்வரிசையில் பஹ்மியா இருக்கிறார், விளங்கிற மாதிரிச் சொல்லுங்கள் என்று கேட்டவர். கடைசி வாங்கில் ஹுஸ்னியா, ஏப்ரனைக் கையால் மறைத்துக்கொண்டு. ஒருத்தியைக் கொடுத்து மற்றவளைக் காப்பாற்றாமல் என்ன சொல்வீர்கள்? கண்டுபிடித்தால் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கீழே கருத்துப் பெட்டியில் எழுத வேண்டாம். அதையும் வாசிப்பார்கள்.

ஒரு சின்ன உதவி மட்டும் கேட்கிறேன். நீங்கள் இதைக் கைபேசியில் வாசித்தால், ரிஷிகேசனின் திரையில் ஒரு புள்ளியாக இருக்கிறீர்கள். விரல் ஓடினால் அவருக்குச் சந்தோசம், நின்றால் கவலை. இப்போது பின் கேற்றில் ஹுஸ்னியா மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவன் குடித்து முடிக்கும்வரைக்கும் விரலை அசைக்காதீர்கள். திரை சிவந்தால் சிவக்கட்டும்.